மறு: தசைநாண் ஸ்கேனில் தெரியும் கருமை: ‘போலிக் கிழிசல்’ சரியா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம். மீயொலி (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேனில் கோணம் மாறினால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கறுத்துத் தெரிவதை ஆங்கிலத்தில் அனைசோட்ரோபி என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்ற பேச்சில் உங்களில் ஒருவர் எழுதியது:

> அனைசோட்ரோபிக்கு ‘திசைசார் பண்பு’ இருக்கிறது. ஸ்கேனுக்குத் தனியாக வேண்டுமென்றால் ‘போலிக் கிழிசல்’ போதும்.

திசைசார் பண்பு இயற்பியலில் இருக்கட்டும். திசைக்குத் திசை தன்மை மாறுகிற மரத்துக்கும் படிகத்துக்கும் சேர்த்து வைத்த பொதுச்சொல் அது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதினால் யாருக்கும் பிடிபடாது. எனக்கு உறுத்துவது ‘போலிக் கிழிசல்’தான்.

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர் தோள்வலி என்று வருகிறார். புரோபை (மீயொலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கைக்கருவியை) வைத்தால் தசைநாண் வெள்ளையாக, இழை இழையாகத் தெரிய வேண்டும். மீயொலி அந்த இழைகளின் மேல் செங்குத்தாகப் பட்டால்தான் எதிரொலி புரோபுக்கே திரும்பும். சில டிகிரி சாய்ந்தாலும் வேறு பக்கம் போய்விடும், அந்த இடம் கறுத்து, கிழிந்ததுபோல் தோன்றும். நம்மூர் வெண்பட்டைச் சாய்த்துப் பிடித்தால் பளபளப்பு மங்குகிறதே, அதே கதை. தோளில் தசைநாண் வளைந்து இறங்கி எலும்பைப் பிடிப்பதால் இந்தத் தொல்லை அங்கே அதிகம். புரோபை லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். கருமை கலைந்தால் கவலையில்லை. எந்தக் கோணத்திலும் கலையாமல் நின்றால் கிழிசலைச் சந்தேகிக்கலாம்.

இதுவரை உங்கள் சொல் பொருந்துகிறது, சரி. மணிக்கட்டுக்கு வாருங்கள். விரல் மரத்துப்போகிறது என்று வருபவருக்கு அங்கே நடுநரம்பைத் தேடுகிறோம். அதைச் சுற்றி விரல்களுக்குப் போகும் தசைநாண்கள், எல்லாம் ஒரே மாதிரி தெரியும். அப்போது புரோபை வேண்டுமென்றே சாய்ப்போம். தசைநாண்கள் கறுத்துப்போகும், நரம்பு அவ்வளவாக மாறாது, பளிச்சென்று தனித்து நிற்கும். நரம்பைக் காட்டிக்கொடுக்கிற கருமையைப் போலி என்று எப்படி அழைப்பது?

அதனால் நான் முன்வைப்பது ‘சாய்விருள்’. கோணம் சாய்ந்தது, அதனால் இருண்டது. வேறு விளக்கம் தேவையில்லை. ‘சாய்விருள் நீங்கியது, கிழிசல் இல்லை’ என்று ஒரே வரியில் ரிப்போர்ட்டை முடிக்கலாம். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் பொது.

ஸ்கேனில் பார்த்தபடி மூட்டில் மருந்து செலுத்தும்போது ஊசி கண்ணில் படாமல் போவதையும் இதில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் என்பேன். காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் தோலுக்குச் செங்குத்தாக இறக்கிய ஊசி கறுப்பதில்லை, காணாமலே போய்விடுகிறது. ‘ஊசி மறைவு’ என்றால் நர்சுக்கும் புரியும். புரோபின் முகத்துக்கு இணையாக ஊசியைப் படுக்கவைத்துச் செலுத்தினால் மறுபடி தெரியும்.

‘சாய்வுக்கருமை’ என்றும் யோசித்தேன், நீளமாக இருக்கிறது. யாழ்ப்பாண நண்பர்கள் இதற்கு என்ன சொல் புழங்குகிறார்கள்?

சேலத்திலிருந்து ஓர் எலும்பு மருத்துவர்