தட்டோன் வீடு (மியான்மர்த் தமிழ்க் குடும்பக் குழு)

தேவி: செல்வம் அண்ணா, நீங்கள் கொடுத்த லேப்டாப்பில் கயலின் வரைபட மென்பொருள் திறப்பதற்குள் சோறு வெந்துவிடுகிறது. திங்கட்கிழமை வகுப்பு. மீதி 3 லட்சம் கியாட்டைத் தருவதா, வேண்டாமா?

செல்வம்: அது இன்டெல் ஐ7. கயலின் தோழிகள் வைத்திருப்பதெல்லாம் ஐ5.

ராஜி: கடைக் கணக்கு முழுவதும் அதில்தான் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை.

கமலா: ஃப்ரிட்ஜுக்கும் இதையேதான் சொன்னீர்கள்.

ராஜி: அது 2014இல் நடந்தது அக்கா. இன்னுமா?

முத்து: சண்டை வேண்டாம், அளந்து பார்த்துவிடலாம். கயல், சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளை இறக்கி ஓட்டு. ஒரு முப்பரிமாணப் படத்தைக் கட்டம் கட்டமாக வரையச் சொல்லும். செயலி எவ்வளவு விரைவாக முடிக்கிறதோ அதற்கேற்ற மதிப்பெண். செயலிக்குள் கோர் என்று தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள் உண்டு. எல்லா கோர்களும் சேர்ந்து செய்தால் ஒரு கணக்கு, ஒரே கோர் தனியாகச் செய்தால் இன்னொரு கணக்கு. 10 நிமிடம் விடாமல் ஓடும். அதற்கு முன் மற்றதையெல்லாம் மூடிவிடு.

கமலா: எந்தச் செயலியை மூட வேண்டும்? என் போனில் நிறைய இருக்கின்றன.

முத்து: அம்மா, அந்தச் செயலி வேறு. இது கணினியின் மூளை.

கமலா: இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவனை முதலில் அளக்க வேண்டும்.

கயல்: 1,140

தேவி: எத்தனைக்கு?

முத்து: நூற்றுக்கு இத்தனை என்று இல்லை சித்தி. கீக்பெஞ்ச் 6 என்ற இன்னொரு சோதனை என்றால், கோர் ஐ7-12700 உள்ள ஒரு கணினிக்கு 2,500 என்று வைத்து மற்றவற்றை அதோடு ஒப்பிடும். இதில் அதே செயலி வைத்திருப்பவர்களின் எண்ணோடுதான் நாம் ஒப்பிட வேண்டும். இந்த வழக்கம் பழையது. 1972இல் வெட்ஸ்டோன் என்று ஒரு சோதனை வந்தது. ‘வெட்’ என்றால் ஈரம் என்று கேலி செய்து 1984இல் டிரைஸ்டோன் என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். ‘டிரை’ என்றால் காய்ந்தது.

தேவி: ஈரமோ காய்ந்ததோ, பெண் திங்கட்கிழமை வகுப்புக்குப் போக வேண்டும்.

கயல்: அண்ணா, இங்கே மின்சாரம் இல்லை. பேட்டரியில்தான் ஓட்டினேன்.

முத்து: அதை முதலில் சொல்ல வேண்டாமா! பேட்டரியில் செயலி சிக்கனம் பிடிக்கும். அந்த எண் செல்லாது.

செல்வம்: 👍

ராஜி: எங்கள் தெருவுக்கு 1 மணிக்கு வரும் என்கிறார்கள்.

கமலா: வரும்போது வரட்டும். ஞாயிற்றுக்கிழமை பீலிக்கான் தீமிதிக்கு வேன் சொல்ல வேண்டும். எத்தனை பேர்?

தேவி: நாங்கள் மூவர்.

ராஜி: போன முறை வேன் பணத்தை நாங்கள்தான் கொடுத்தோம். சும்மா சொல்கிறேன்.

கயல்: மின்சாரம் வந்தது. முதல் சுற்றில் 2,060. முடியும்போது 1,610. அடியில் கை வைக்க முடியவில்லை.

முத்து: சூடு. 100 டிகிரியை நெருங்கினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியில் தூசி அடைத்திருக்கும், செயலியின் சூட்டைக் கடத்தும் பசையும் காய்ந்திருக்கும். செயலியின் முழுப் பெயர் என்ன?

கயல்: ஐ7-7500யூ

முத்து: மாமா, இது 2016இல் வந்தது. இரண்டே கோர். அடுத்த ஆண்டு வந்த ஐ5-8250யூவில் நான்கு.

செல்வம்: 7 பெரிதா, 5 பெரிதா?

கமலா: நம் சின்னச்சாமி சித்தப்பா ஆறடி உயரம்.

முத்து: ஆனால் மென்பொருள் திறக்கவே நேரமாவதற்குச் செயலி காரணமில்லாமலும் இருக்கலாம். இந்தச் சோதனை டிஸ்க்கை அளக்காது. உள்ளே இருப்பது வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கா, மெதுவான பழைய ஹார்ட் டிஸ்க்கா?

முத்து: மாமா?

ராஜி: குளிக்கப் போயிருக்கிறார். எஸ்எஸ்டி இருந்தது. கடைக் கணினிக்கு மாற்றிக்கொண்டோம்.

தேவி: எப்போது?

ராஜி: கொடுப்பதற்கு முன்பு.

கமலா: ஃப்ரிட்ஜ்.

செல்வம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வம்: ஞாயிற்றுக்கிழமை வேனில் பேசிக்கொள்ளலாம்.

தேவி: வகுப்பு திங்கட்கிழமை அண்ணா.

முத்து: முதலில் தூசியைத் தட்டச் சொல்லுங்கள். எஸ்எஸ்டியை நான் இங்கிருந்து கொடுத்தனுப்பவா? யார் வருகிறார்கள்?

கமலா: வேனில் முன் இருக்கை எனக்கு.