முதல் பீர் 6 பிரிக்ஸில் நின்றுவிட்டது, ஈஸ்ட் செத்துப்போச்சா?

கராஜ்வாசி:
வணக்கம். மெல்பர்னில் இருக்கிறேன், வீட்டில் பீர் போடுவது இதுதான் முதல் தடவை. 1.7 கிலோ மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு டின் ஒன்று, கூடவே 1.2 கிலோ உலர் மால்ட் பொடி, தண்ணீர் சேர்த்து மொத்தம் 20 லிட்டர். டின்னோடு வந்த ஏல் (ஒரு பீர் வகை) ஈஸ்டைத்தான் தூவினேன். தொடக்கத்தில் ரிஃப்ராக்டோமீட்டர் (சர்க்கரை அளவு பார்க்கும் கருவி) 12 பிரிக்ஸ் காட்டியது, அதாவது நூறு கிராமில் 12 கிராம் சர்க்கரை. முதலில் ஏர்லாக்கில் (காஸை மட்டும் வெளியே விடும் மூடிக்குழாய்) குமிழி விடாமல் வந்தது, அப்புறம் சத்தமே இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது அளந்தால் 6 பிரிக்ஸ். அட்டவணைப்படி அது 1.024 அடர்த்தி (தண்ணீர் 1.000). பாதி சர்க்கரை அப்படியே கிடக்கிறது என்றுதானே அர்த்தம்? வாளி கராஜில் இருக்கிறது, ராத்திரி நல்ல குளிர். புது ஈஸ்ட் போடலாமா, இப்படியே பாட்டிலில் அடைக்கலாமா?

மால்ட்டுமாமா:
இப்போதைக்கு அடைக்காதீர்கள்! நிஜமாகவே 1.024 என்றால் மிச்சச் சர்க்கரை பாட்டிலுக்குள் நொதித்து கண்ணாடி வெடிக்கும். குளிர்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஏல் ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும், அங்கே குளிர்காலமான ஜூன் மாதக் கராஜில் அதற்கு எங்கே போவது? மார்கழி மாதத்து இட்லி மாவு கதைதான். வாளியை வீட்டுக்குள் கொண்டுவந்து போர்வை சுற்றி வையுங்கள். மூடியைத் திறக்காமல் லேசாக ஒரு சுழற்று சுழற்றினால் அடியில் படிந்த ஈஸ்ட் எழும்பும். திறந்து கிளறினால் காற்று கலந்து ருசி கெட்டுவிடும்.

சும்மாஒருகை:
இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் தட்டுங்க ப்ரோ. வேலை முடிஞ்சது.

நுரைராணி:
ஈஸ்ட் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். இரண்டு தடவையும் ரிஃப்ராக்டோமீட்டரில்தானே அளந்தீர்கள்? அது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்துச் சர்க்கரையைக் கணக்கிடுகிறது. நொதிப்பதற்கு முன் சரியாகக் காட்டும். ஆல்கஹால் உண்டான பிறகு அதுவும் தண்ணீரைவிட அதிகமாக ஒளியை வளைப்பதால், இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். தொடக்கம் 12, இப்போது 6 என்றால் திருத்தக் கணக்குப்படி உங்கள் பீர் கிட்டத்தட்ட 1.012. அது நின்றுபோன பீர் இல்லை, முடிந்த பீர்! ஆல்கஹால் 4.7 சதவீதம் வாக்கில் இருக்கும்.

ஒரு சாதாரண ஹைட்ரோமீட்டர் (மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி) வாங்கி, மாதிரியை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து அளந்து பாருங்கள். ஏர்லாக்கை நம்பவே நம்பாதீர்கள். மூடி ஓரத்தில் கசிவிருந்தால் நொதிக்கும்போதும் குமிழி வராது. முடிந்த பீர்கூட அறை சூடானால் குமிழி விடும்.

மால்ட்டுமாமா:
ரிஃப்ராக்டோமீட்டர் என்று எழுதியிருப்பதை நான் கவனிக்கவில்லை, அக்கா சொல்வதுதான் சரி. ஆனாலும் வாளி உள்ளேயே இருக்கட்டும், கெடுதல் இல்லை.

கோவைக்குசும்பன்:
இதே செட்டை வாங்கி நம்ம ஊரில் போடலாமா?

நுரைராணி:
கூடாது. 1937ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டுக்குக் குடிக்க என்றாலும்தான். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்குப் பீர் போடலாம். விற்கக் கூடாது, உரிமம் இல்லாமல் சாராயம் வடிக்கவும் கூடாது.

கராஜ்வாசி:
ஹைட்ரோமீட்டர் 1.013 காட்டுகிறது! ருசி பார்த்தேன், இனிப்பே இல்லை, காஸ் போன பீர் மாதிரி இருக்கிறது. இன்றைக்கே அடைக்கலாமா?

நுரைராணி:
அவசரம் வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அதே எண் நின்றால் அடைக்கலாம், ஒரு புள்ளி (0.001) இறங்கினாலும் காத்திருங்கள். அடைக்கும்போது காஸ் ஏறுவதற்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, உங்கள் 20 லிட்டருக்கு 120 கிராம். கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, கிருமிநாசினியில் அலசிய இன்னொரு வாளியில் ஊற்றுங்கள். அதன்மேல் பீரைக் குழாய் வழியாகச் சலசலப்பில்லாமல் இறக்குங்கள். அடி வண்டல் வர வேண்டாம். ஒயின் பாட்டில் வேண்டவே வேண்டாம், அந்த அழுத்தத்தைத் தாங்காது.

மால்ட்டுமாமா:
ஒன்றிரண்டை மட்டும் பழைய சோடா பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து வையுங்கள். அமுக்கிப் பார்த்துக் கல்லாக இறுகியிருந்தால் காஸ் ஏறிவிட்டது. 20 டிகிரியில் இரண்டு வாரம் பிடிக்கும். கராஜில் வைத்தால் அது எப்போது ஏறும் என்று என்னைக் கேட்காதீர்கள்.