மைவிக்கு ஹோண்டா சிட்டி ரிம்: 4×100 பொருந்தினால் போதுமா?

சிப்புட்_மைவி:
வணக்கம் அண்ணன்மார்களே. சுங்கை சிப்புட். காடி பெரொடுவா மைவி 1.3, 14 அங்குல இரும்பு ரிம். ஈப்போ ஹாஃப்கட் (பழைய காடி உதிரிபாக) கடையில் ஹோண்டா சிட்டியின் ஒரிஜினல் 15 அங்குல அலாய் நான்கு இருக்கிறது, 175/65 ஆர்15 டயரோடு. "ரெண்டும் 4×100, அப்படியே மாட்டலாம்" என்கிறார் கடைக்காரர். வேறு எதையெல்லாம் பார்க்கணும்? தினமும் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் காடி.

ஹப்ரிங்:
தம்பி, அவர் சொன்னது சரி, ஆனால் பாதிதான். 4×100 என்றால் நான்கு நட் ஓட்டை, அவற்றின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. முதலில் அதை நீங்களே அளந்துவிடுங்கள். ஒரு ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் உள் விளிம்பு வரை 100 மி.மீ. வரணும்.

அடுத்தது நடு ஓட்டை. சிட்டி ரிம்மில் அது 56.1 மி.மீ., அதற்குள் நுழையும் மைவி ஹப் (சக்கரம் மாட்டும் அச்சு முனை) 54.1. சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி விழும். 56.1–54.1 ஹப் ரிங் நான்கு வாங்குங்கள், அலுமினியத்தில். இவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக் கழற்றும்போதே உடையும். ரிங் எடையைத் தாங்காது, ரிம்மை நடுவில் நிறுத்தும். அது இல்லாமல் கொஞ்சம் விலகி உட்கார்ந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் ஆடும்.

ஆபத்து நட்டில்தான். இரண்டுக்கும் மரை எம்12×1.5 (12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி), அதனால் எந்த நட்டும் ஏறிவிடும், அங்கேதான் ஏமாறுகிறார்கள். மைவி நட்டின் முனை 60 பாகைக் கூம்பு. ஹோண்டா ஒரிஜினல் ரிம்மின் குழியோ கிண்ணம் மாதிரி உருண்டை. கூம்பு நட்டைப் போட்டால் ஒரு மெல்லிய வட்டக் கோட்டில் மட்டும் தொடும். ஸ்பேனருக்கு இறுக்கமாகத் தெரியும். ஓட ஓட அந்தக் கோடு நசுங்கி நட் தளர்ந்துவிடும். நட் முனையில் மார்க்கர் மை பூசி, கையால் இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். மை ஒரு கோடாக அழிந்திருந்தால் தப்பான நட், அகலப் பட்டையாக அழிந்திருந்தால் சரி. ஹோண்டா உருண்டை முனை நட் 16 வாங்கணும்.

பழைய கூம்பு நட்டில் நான்கை ஸ்பேர் டயரோடு பூட்டிலேயே வையுங்கள். ஸ்பேர் இரும்பு ரிம்முக்கு அதுதான் வேண்டும். பலரும் மறப்பது இது.

டயர்_கணக்கு:
அண்ணன் நட் பற்றிச் சொன்னதை அப்படியே செய்யுங்க. ஆனால் அந்த டயரை விட்டுடுங்க. 175/65 ஆர்15 உயரம் 608 மி.மீ. சொச்சம். உங்கள் 175/65 ஆர்14 வெறும் 583. நாலு விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம். மீட்டர் 100 காட்டும்போது காடி 104-ல் ஓடும். திருப்பும்போது ஃபெண்டர் லைனரில் உரசவும் வாய்ப்பு. 15-க்கு 185/55 போடுங்க, 584 வரும்.

ரிம் பின்னால் வார்த்திருக்கும் ஈடி எண்ணை (ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி என்பது) பழைய ரிம்மோடு ஒப்பிடுங்க. அகலம் ஒன்றாக இருந்தால், எண் எத்தனை கூடுதலோ அத்தனை மி.மீ. சக்கரம் உள்ளே தள்ளும். ஜாக்கில் ஏற்றி, இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, கையால் சுற்றிப் பார்த்த பிறகே காசு கொடுங்க.

சிப்புட்_மைவி:
நன்றி அண்ணே. இன்னொன்று: வீட்டில் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பும் இருக்கிறது. மிட்சுபிஷி டிரைட்டன் ரிம் அதற்குப் போகுமா? இரண்டும் 6×139.7 தானே?

ஹப்ரிங்:
போகாது தம்பி. டிரைட்டன் நடு ஓட்டை 67.1, ஹைலக்ஸ் ரிம்மில் 106.1. ஹைலக்ஸ் ஹப் அந்த ஓட்டைக்குள் நுழையவே நுழையாது. கடைந்து பெரிசாக்கித் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டட்டை (நட் ஏறும் போல்ட்டை) நுழைக்கும் ஓட்டையைச் சுற்றியுள்ள உலோகம் போய்விடும்.

மைவிக்கு மாட்டும்போது ஹப் முகத்தில் காய்ந்த செம்மண்ணையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அது நடுவில் சிக்கினால் ரிம் சாய்ந்து உட்காரும், மண் உதிர்ந்ததும் நட் தளரும். நட்டைக் கையால் எட்டுச் சுற்றாவது ஏற்றுங்கள். இரண்டே சுற்றில் பிடித்தால் 1.25 மரை நட்டைக் கொடுத்திருக்கிறார்கள், நட் இறுக்கும் கன் வைத்து ஏற்றினால் ஸ்டட் மரை போய்விடும். பிறகு எதிரெதிராக, டார்க் ஸ்பேனரில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) 103 நியூட்டன் மீட்டர். 100 கிலோமீட்டர் ஓடியதும் அதே அளவில் மறுபடி ஒரு முறை.