எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் போகப் பயம். மாத்திரை போட்டால் விசுவாசக் குறைவா?

நாஞ்சில் டீச்சர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் நாகர்கோவில் பக்கம், பள்ளிக்கூட டீச்சர். இடுப்பில் தொடங்கின வலி காலுக்கு இறங்கி, இப்போது இடது பாதம் மரத்துப்போகிறது. டிஸ்க் நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார் எலும்பு டாக்டர். போனேன். காதை அடைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, ஏதாவது என்றால் அமுக்குங்கள் என்று சொல்லி உள்ளே தள்ளினார்கள். மூக்குக்கு மேலே ஒரு சாண் இடம்கூட இல்லை. சத்தம் தொடங்கும் முன்னாலேயே பந்தை அமுக்கிவிட்டேன். வெளியே இழுத்த பையன், "சின்னப் பிள்ளைங்ககூட படுத்திருக்கும் மேடம்" என்றான். கட்டின பணம் திரும்ப வரவில்லை, அது தனிக் கதை.

பயம் புதிதில்லை. தாத்தா வீட்டில் நெல் போட்டு வைக்கிற பெரிய பத்தாயம் உண்டு. ஒளிந்து விளையாடும்போது அதற்குள் இறங்கினேன். அண்ணன் மேல்பலகையைப் போட்டுவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று போயேவிட்டான். எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது, நெல் தூசி வாடை மட்டும் ஞாபகம். அன்றிலிருந்து லிஃப்டில் ஏற மாட்டேன். இந்தக் காலோடும் படிதான்.

எங்கள் ஜெபக்குழுவில் என்னைப் பிடித்திருப்பது 'பயத்தின் ஆவி' என்று சொல்லி, அதைக் கட்டி ஜெபித்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பதற்றம் குறைய ஒரு மாத்திரை தருவதாக டாக்டர் சொன்னதைச் சொன்னதும் ஒரு அக்கா, "ஆசா ராஜா கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடினான், நீ அப்படி ஆகிவிடாதே" என்றார். அது உள்ளே தைத்துவிட்டது.

மாத்திரை போட்டால் விசுவாசக் குறைவா? அப்புறம், அந்தக் குழாய்க்குள் எப்படித்தான் ஜெபிப்பது? 91ஆம் சங்கீதம் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு முதல் வசனத்துக்கு மேல் ஒன்றும் நாக்கில் வரவில்லை.

ஓய்வுபெற்ற உபதேசியார்:

டீச்சர் அம்மா, அந்த அக்கா காட்டினது 2 நாளாகமம் 16:12. "அவன் தன் வியாதியிலும் கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்." அதிகாரத்தை மேலிருந்து வாசியுங்கள். ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்து சீரியா ராஜாவுக்கு அனுப்பி உதவி கேட்டவன் ஆசா. கண்டித்த தீர்க்கதரிசியைக் காவலில் போட்டவன். தேவனோடு பேச்சையே விட்டுவிட்ட ஆள். நீங்கள் ஜெபித்துக்கொண்டே அல்லவா கேட்கிறீர்கள்?

அதே யூதாவை ஆண்ட எசேக்கியாவையும் பாருங்கள், 2 இராஜாக்கள் 20. சாகும் வியாதியில் கிடந்து அழுது ஜெபித்தான். உன் விண்ணப்பத்தைக் கேட்டேன், உன்னைக் குணமாக்குவேன் என்று கர்த்தரே சொல்லியனுப்பினார். அதற்குப் பிறகும் ஏசாயா என்ன செய்தார்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொன்னார், பிளவைக் கட்டியின்மேல் பற்றுப்போட்டார்கள். வாக்குக் கிடைத்த பிறகு பற்று எதற்கு என்று ராஜா கேட்கவில்லை.

'பயத்தின் ஆவி' என்று சொல்லும்போது, தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை என்கிற 2 தீமோத்தேயு 1:7ஐத்தான் எல்லாரும் எடுப்பார்கள். அதை எழுதின பவுல்தான் கொரிந்தியருக்கு, பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன் என்று எழுதினார். நடுங்கிக்கொண்டேதான் ஊழியம் செய்திருக்கிறார் மனிதர். பிடிபட்ட இரவில் கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் இயேசுவே திகிலடைந்தார் என்கிறது மாற்கு 14:33. அங்கே அவர் பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் கூட்டிக்கொண்டு போனதைக் கவனியுங்கள். அவர்கள் தூங்கிவிட்டார்கள், அது வேறு. நீங்களும் தனியாகப் போகாதீர்கள். தூங்காத ஆளாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஜெனி:

அக்கா, பைபிளில் 'பயப்படாதே' 365 தடவை வருது, நாளுக்கு ஒண்ணு! தைரியமா போங்க. ஜெபிக்கிறேன்.

ஸ்கேன் ரூம் அண்ணாச்சி:

ஜெனி தங்கச்சி, அந்த 365 கணக்கு வாட்ஸ்அப் கணக்கு. எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வராது. அக்காவுக்கு ஒரு தடவை வந்தால் போதும், விடுங்கள்.

நான் தூத்துக்குடி, ஸ்கேன் டெக்னீஷியன். அக்கா, பாதியில் இறங்கி வருகிறவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அந்தப் பையன் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அடுத்த தடவை தேதி வாங்கும்போதே மூடின இடம் பயம் என்று சொல்லிவிடுங்கள். பழைய மெஷின்களில் குழாய் 60 செ.மீ. அகலம்தான் இருக்கும். 70 செ.மீ. உள்ளதும் இருக்கிறது, கேட்டு அங்கே போங்கள். அந்தப் பத்து செ.மீ. படுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு கைக்குட்டையால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அதுவும் கட்டில் நகர்வதற்கு முன்னாலேயே. உள்ளே போன பிறகு மூடினால் பார்த்தது மனதிலேயே நிற்கும். கூட வருகிறவர் உடம்பில் உலோகம், பேஸ்மேக்கர் எதுவும் இல்லையென்றால் பல இடங்களில் உள்ளேயே உட்கார விடுவார்கள். காலைத் தொட்டுக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள். மாத்திரை டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும், அவர் சொன்ன நேரத்தில் போடுங்கள். போட்டுவிட்டு ஸ்கூட்டி ஓட்டக் கூடாது.

ஜெபம் கேட்டீர்களே. இடுப்பு ஸ்கேன் அரை மணி நேரத்துக்குள் முடியும், ஆனால் ஒரே மூச்சாக ஓடாது. டக் டக் என்று ஒரு சத்தம் சில நிமிடம், கொஞ்சம் அமைதி, அப்புறம் வேறு மாதிரி சத்தம். நான் கத்தோலிக்கன். எனக்கே முதுகுக்கு எடுத்தபோது ஒரு சத்தத்துக்கு ஜெபமாலையின் பத்து மணிகளுக்கான ஜெபம் என்று வைத்துக்கொண்டேன். ஏறக்குறைய சரியாக வந்தது. மாலையைக் கழற்றி வைத்துவிட வேண்டும், உலோகம் ஆகாது. விரலையும் மடக்காமல் மனதுக்குள்ளேயே எண்ண வேண்டும். முழு அரை மணியையும் ஜெபத்தால் தாண்டப் பார்க்காதீர்கள் அக்கா. இந்தச் சத்தம் முடியும் வரைக்கும் என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று மைக்கில் சொல்லச் சொன்னால் சொல்வார்கள்.

நாஞ்சில் டீச்சர்:

உபதேசியார் ஐயா, எசேக்கியாவைச் சண்டே ஸ்கூலில் நானே நடத்தியிருக்கிறேன். அத்திப்பழம் கண்ணில் படவே இல்லை! நன்றி. மாத்திரை எழுதி வாங்கிவிட்டேன். திருநெல்வேலியில் 70 செ.மீ. மெஷின் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து வியாழக்கிழமைக்குப் பேசியாகிவிட்டது. கூட வருவது அந்த அண்ணன்தான். பத்தாயக் கடன், காலைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும்.

அண்ணாச்சி, நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), ஜெபமாலை பழக்கமில்லை. 91 நீளம். 121இல் எட்டு வசனம்தான், ஒரு சத்தத்துக்கு ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம் என்று பார்க்கிறேன். முதல் வசனமே "என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்கிறது, கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்ல வேண்டும். எட்டு போதுமா?

ஸ்கேன் ரூம் அண்ணாச்சி:

தாராளமாகப் போதும். இடுப்புக்குப் பெரும்பாலும் ஐந்தாறு சத்தம்தான் வரும். மீதி வசனத்தை வெளியே வந்து அண்ணனோடு சேர்ந்து சொல்லுங்கள். பின் வைத்த சேலை வேண்டாம் அக்கா, ஊக்கு ஒன்றுகூட இல்லாமல் வாருங்கள்.