க்ரோனோ ட்ரிகர்: மேகஸிடம் மூன்று நாளாகத் தோற்கிறேன்

1995இல் வந்த க்ரோனோ ட்ரிகர் என்ற இந்த வீடியோ விளையாட்டை இப்போதுதான் முதல்முறை ஆடுகிறேன். ஆண்ட்ராய்டு பதிப்பு. பழைய ஜப்பானிய விளையாட்டு, இழுவையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படியில்லை. எதிரிகள் கண்ணுக்கு முன்னால் நிற்கிறார்கள், நிற்கும் இடத்திலேயே சண்டை. 'டிராகன் பால்' ஓவியர் அகிரா டோரியாமா வரைந்த முகங்கள் வேறு! பத்து மணி நேரம் ஓடியதே தெரியவில்லை.

கதை காலம் விட்டுக் காலம் தாவுகிறது. சிக்கல் கி.பி. 600இல், மந்திரவாதி எதிரியான மேகஸின் கோட்டையில். குழுவில் க்ரோனோ, ஃப்ராக், லூக்கா. மூவரும் 19ஆம் நிலை. முதல் பாதி சரியாகவே போகிறது. அவன் கவசம் மாற மாற, அதற்கேற்ற மந்திரத்தை மட்டும் போடுகிறேன். நடுவில் ஃப்ராக்கின் மசாமுனே வாளால் அடித்து அவனுடைய மந்திரத் தடுப்பைக் குறைக்கிறேன். அப்புறம் கவசத்தை விட்டுவிட்டு மூவரையும் ஒரே நேரத்தில் தாக்கும் 'டார்க் மேட்டர்' மந்திரத்தைப் போட ஆரம்பிக்கிறான். இரண்டு முறை விழுந்தால் மூவரும் தரையில்.

சண்டை முறையை 'வெயிட்'டுக்கு மாற்றிப் பார்த்தேன். பட்டியலில் தேட நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். லூக்காவுக்குப் பதில் காயம் ஆற்றும் மந்திரம் தெரிந்த மார்லைக் கூட்டிப்போனால் உயிர் தாங்குகிறது, ஆனால் நெருப்பு மந்திரம் இல்லாததால் சண்டை நீண்டு மருந்தெல்லாம் தீர்ந்துவிடுகிறது. கடைசியாக ஆடியபோது ஏழு டானிக் மிச்சம். நேற்று இரவு ஒரு மணிக்குப் போனைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன்.

கதையைச் சொல்லிவிடாமல் இதை மட்டும் சொல்லுங்கள்: இதே நிலையில் மூன்றாவது ஆளாக யாரை வைத்து டார்க் மேட்டரைத் தாண்டினீர்கள்?