‘ஆஃப்டர் மார்க்கெட் ஆர்டர்’: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பங்கு வணிகச் செயலி ஒன்றின் தமிழ் இடைமுகத்துக்கு ‘ஆஃப்டர் மார்க்கெட் ஆர்டர்’, சுருக்கமாக ஏ.எம்.ஓ., என்பதற்குச் சொல் வேண்டும். வரைவில் ‘சந்தைக்குப் பிந்தைய ஆணை’ என்று போட்டிருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் குறையில்லை. ஆனால் படிப்பவருக்கு என்ன தோன்றும்? சந்தை மூடிய பிறகும் ஏதோ ஒரு வணிகம் நடக்கிறது, அதில் நம் ஆணையும் சேர்கிறது என்று. நடப்பது அதுவல்ல.

தேசியப் பங்குச் சந்தையிலும் மும்பை பங்குச் சந்தையிலும் வழக்கமான வணிகம் காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை. மாலையிலோ இரவிலோ நாம் ஆர்டர் போட்டால் அது சந்தைக்குப் போவதே இல்லை. தரகரின் கணினியில் தங்குகிறது. மறுமுறை சந்தை ஆணைகளை வாங்கத் தொடங்கும்போது, பங்குகளுக்கு என்றால் காலை 9 மணிக்கு, தரகர் அதை அனுப்புகிறார். ஏ.எம்.ஓ. என்பது சந்தை வகுத்த ஆணை வகை அல்ல. தரகர் செய்து தரும் வசதி. இந்த உண்மை சொல்லிலேயே தெரிந்தால் நல்லது.

செ.வ.

—

> இந்த உண்மை சொல்லிலேயே தெரிந்தால் நல்லது.

சரியான எதிர்பார்ப்பு. ‘காத்திருப்பு ஆணை’, ‘முன்பதிவு ஆணை’ என்ற இரண்டும் தோன்றுகின்றன. இரண்டாவது எல்லோருக்கும் பழகிய சொல். ரயிலுக்கும் பேருந்துக்கும் முன்பதிவு செய்து பழகிய மக்களுக்கு விளக்கமே தேவைப்படாது. என் வாக்கு அதற்கே.

இரா.

—

ஐயா, ‘முன்பதிவு’ வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். முன்பதிவு என்றால் இடம் உறுதி, முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பதுதான் நம் மனத்தில் பதிந்த பொருள். ஏ.எம்.ஓ.வில் இரண்டுமே கிடையாது.

உச்ச வரம்பில் பூட்டிக்கொண்ட பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 5 சதவீத வரம்புள்ள, அதாவது ஒரு நாளில் அதற்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாத, ஒரு பங்கு நாள்தோறும் அந்த உச்சத்தைத் தொட்டு ‘அப்பர் சர்க்யூட்’ அடிக்கிறது. விற்க ஆளில்லை, வாங்க வரிசை நீள்கிறது. நேற்று மாலை 6 மணிக்கே போட்டுவிட்டேன், இன்று காலை 9 மணிக்குப் போட்டவருக்கு முன்னால் நான்தானே நிற்க வேண்டும் என்று கேட்பவர்கள் ஏராளம். இல்லை. ஒரே விலையில் நிற்கும் ஆணைகளுக்குள் முன்னுரிமை தருவது சந்தையின் கணினி பதியும் நேரம். தரகரிடம் நீங்கள் கொடுத்த நேரத்தைச் சந்தை அறியாது. எல்லாத் தரகர்களும் 9 மணிக்குத்தான் கதவைத் தட்டுகிறார்கள். உங்கள் ஆணை எந்த நொடியில் உள்ளே போகிறது என்பது அந்தத் தரகரின் கணினி எத்தனை ஆணைகளை எந்த ஒழுங்கில் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது.

உறுதியும் கிடையாது. இரவு முழுக்க ‘ஏற்கப்பட்டது’ என்று காட்டிய ஆணை காலையில் திரும்பிவிடும். பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

விலை வரம்பு: 2, 5, 10, 20 சதவீதம் என்று பங்குக்குப் பங்கு வரம்பு உண்டு. மறுநாள் வரம்பைக் கணக்கிடுவது இன்றைய முடிவு விலையிலிருந்து. அதற்கு வெளியே இருக்கும் விலையைச் சந்தை ஏற்காது.

போனஸ், முகமதிப்புப் பிரிப்பு: ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்று வைத்துக்கொள்வோம். உரிமை நீங்கும் நாளுக்கு, அதாவது அன்று முதல் வாங்குபவருக்குப் போனஸ் கிடைக்காது என்ற நாளுக்கு, முந்தைய மாலை விலை 1,000 ரூபாய். மறுநாள் அடிப்படை விலை 500 ஆகிவிடும். 10 சதவீத வரம்பு என்றால் 450 முதல் 550 வரைதான் செல்லும். 990க்கு ‘மலிவாக’ வாங்கப் போட்ட ஆணை திரும்பிவிடும். திரும்புவது நல்லதுதான், ஆனால் போட்டவருக்கு ஏன் என்று புரிவதில்லை.

பணம்: ஆணை கொடுக்கும்போது கணக்கில் இருந்த தொகை அனுப்பும்போதும் இருக்க வேண்டும். தரகர்கள் வாடிக்கையாளரின் பயன்படாத பணத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் வங்கிக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும் என்பது சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. அந்த நாளை ஒட்டிக் கொடுத்த ஆணைகள் பணம் போதாமல் விழுவதைப் பார்க்கலாம்.

விற்பனை அனுமதி: விற்ற பங்கை எடுத்துக்கொள்ளத் தரகருக்கு நிலையான அனுமதி தரும் டி.டி.பி.ஐ. என்ற ஆவணத்தைக் கையெழுத்திட்டுத் தராதவர்கள், பங்குகள் மின்வடிவில் இருக்கும் டீமேட் கணக்கிலிருந்து பங்கை எடுக்க டி-பின் என்ற ரகசிய எண் வழியாக அனுமதி தர வேண்டும். அனுமதி இல்லாத விற்பனை ஆணையை எத்தனை மணிக்குக் கொடுத்தும் பயனில்லை.

‘காத்திருப்பு ஆணை’யும் ஆகாது. சந்தைக்குள் போய், விலை படியாமல் நிற்கும் ஆணையைத்தான் ‘பெண்டிங்’ என்கிறோம். அந்தச் சொல் அங்கே வேண்டும்.

தெ.

—

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு விசயங்கள்.

முதலாவது, எங்கள் பக்கத்தில் ‘ஆர்டர்’ என்பதற்குக் ‘கட்டளை’ என்றே பாவிக்கிறோம். தபாலில் அனுப்புவது காசுக்கட்டளை. ஆகவே ‘கட்டளை’ எங்களுக்கு உடனே விளங்கும். ‘ஆணை’ என்றால் மேலிடத்திலிருந்து வருவது போல ஒலிக்கிறது.

இரண்டாவது, அமெரிக்கச் சந்தையில் முதலிடுகிறவர்கள் இந்தச் செயலியைப் பாவிக்கக்கூடும். அங்கே மாலை 4 மணிக்கு வழமையான வணிகம் முடிந்த பிறகு இரவு 8 மணி வரை உண்மையாகவே வாங்கல் விற்றல் நடக்கிறது; காலையிலும் 9.30க்கு முன்னரே வணிகம் உண்டு. அதுதான் ‘ஆஃப்டர் அவர்ஸ்’. அதற்கு ‘நேரங்கடந்த வணிகம்’ என்று தனியாக ஒரு சொல்லை ஒதுக்குங்கள். ‘சந்தைக்குப் பிந்தைய’ என்ற சொல்லை இரண்டுக்கும் வைத்தால் குழப்பம் நிச்சயம்.

என்னுடைய பரிந்துரை: ‘அடுத்த அமர்வுக் கட்டளை’.

நா.

—

நா. அவர்களின் இரண்டாவது கருத்தை அப்படியே ஏற்கிறேன். ‘நேரங்கடந்த வணிகம்’ தனிப் பதிவாகப் பட்டியலில் ஏறட்டும்.

‘கட்டளை’ குறித்து: தமிழ்நாட்டில் அது கணினித் துறையில் ‘கமாண்ட்’ என்பதற்கு நிலைத்துவிட்டது. கோயில் வழக்கில் நிவந்தம் என்ற பொருளும் உண்டு, அறக்கட்டளை அப்படி வந்ததுதான். மணியார்டருக்கு இங்கே ‘பணவிடை’ என்ற அழகான சொல் இருந்தும் பேச்சில் ஏறவில்லை. பங்கு தொடர்பான தமிழ் எழுத்தில் ‘ஆணை’ ஓரளவு பழகிவிட்டதால் அதையே வைத்துக்கொள்ளலாம். இலங்கைப் பதிப்பு வந்தால் அங்கே ‘கட்டளை’ என்று மாற்றிக்கொள்ள வழி இருக்கட்டும். எந்தப் பதிப்பானாலும் பேச்சில் ‘ஆர்டர் போடுறது’தான், அதை மாற்ற வேண்டியதும் இல்லை.

‘அடுத்த அமர்வு’ முதலில் எனக்கும் பிடித்தது. ‘மறுநாள் ஆணை’ என்பதைவிட நிச்சயம் மேல். காலை 7 மணிக்குக் கொடுக்கும் ஏ.எம்.ஓ. அதே நாளில் போகிறது. வெள்ளி இரவு கொடுத்தது வழக்கமாகத் திங்கள் போகும். ஆனால் 2025 பிப்ரவரி 1 சனிக்கிழமை பட்ஜெட் நாளாக இருந்ததால் சந்தை முழுநேரம் இயங்கியது. அவ்வாண்டு தீபாவளி முகூர்த்த வணிகம் அக்டோபர் 21 பிற்பகல் 1.45க்குத் தொடங்கி ஒரு மணி நேரம் நடந்தது. ஆக நாளையோ காலையையோ சொல்லுக்குள் வைக்க முடியாது.

இடிக்கும் இடம் ஒன்று உண்டு. 3.30க்கு வணிகம் முடிந்ததும் 3.40 முதல் 4 மணி வரை முடிவு விலையில் வாங்கி விற்க ஒரு சிறு அமர்வு இருக்கிறது. 3.35க்கு ‘அடுத்த அமர்வு ஆணை’ என்று பார்ப்பவர், இது அந்த 3.40 அமர்வுக்குப் போகிறது என்றுதான் நினைப்பார். ‘சந்தைக்குப் பிந்தைய ஆணை’ என்ற பழைய வரைவுக்கும் இதே கோளாறு. உண்மையில் அந்தப் பெயர் 3.40 அமர்வில் போடும் ஆணைக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்.

அதனால் எப்போது அனுப்பப்படும் என்பதை விட்டுவிட்டு, எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதிலிருந்து சொல்லை எடுக்கலாமா? சந்தை ஆணைகளை வாங்கும் முன்பே தரகர் கையில் அளித்து வைப்பது: ‘முன்னளிப்பு ஆணை’. அளித்தது தரகரிடம், சந்தையில் பதிந்ததாகச் சொல் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

செ.வ.

—

‘முன்பதிவு’ வேண்டாம் என்ற காரணம் இப்போது விளங்குகிறது, அதை விட்டுவிடுகிறேன். ‘முன்னளிப்பு ஆணை’ சொல்ல எளிது, வினையாகவும் வரும்: ‘ஆணையை முன்னளிக்கலாம்’, ‘முன்னளித்தவை’.

ஒரு தடை. 9 முதல் 9.15 வரை உள்ள ‘ப்ரீ-ஓப்பன்’ அமர்வுக்கு ‘முன்-திறப்பு அமர்வு’ என்று வரைவில் இருக்கிறது. முன்னளிப்பு, முன்-திறப்பு இரண்டும் ஒரே திரையில் வந்தால் தடுமாறும். ப்ரீ-ஓப்பனில் நடப்பது ஒருவகை ஏலம்தான். ‘திறப்பு ஏலம்’ என்று மாற்றினால்?

இரா.

—

ஏலம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது, ஐயா. விற்றவர் பங்கைத் தரத் தவறினால் அந்தப் பங்கைச் சந்தை ஏலத்தில் வாங்கித் தரும். வாடிக்கையாளர் ‘ஏலம்’ என்று கண்டாலே தண்டத் தொகை வரப்போகிறது என்று அஞ்சுவார். அந்த அச்சம் நியாயமானதும்கூட.

2010 அக்டோபர் 18 முதல் இருக்கும் இந்த ப்ரீ-ஓப்பன் அமர்வின் வேலை, அன்றைய தொடக்க விலையைக் கண்டுபிடிப்பது. ஆகவே ‘திறப்புவிலை அமர்வு’ என்கிறேன். முன்னளிப்பு ஆணைக்கு என்ன நேரும் என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது என்பதால் உதவிப் பக்கத்தில் இதைச் சற்று விரித்தே எழுத வேண்டும்.

9 முதல் 9.08 வரை ஆணைகளைக் கொடுக்கலாம், திருத்தலாம், விலக்கலாம். சரியாக எப்போது அடைபடும் என்று யாருக்கும் தெரியாது, 9.07க்கும் 9.08க்கும் நடுவே ஏதோ ஒரு நொடியில் கணினி அடைத்துவிடும். கடைசி நொடியில் பெரிய ஆணையைப் போட்டு விலையை ஆட்டிவிட்டு விலக்கிக்கொள்வதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. பிறகு, எந்த விலையில் மிக அதிகப் பங்குகள் கைமாறுமோ அந்த விலையைத் தேர்ந்தெடுத்து, பொருந்தும் ஆணைகள் எல்லாவற்றையும் அந்த ஒரே விலையில் முடிக்கிறது.

நேற்று 200 ரூபாயில் முடிந்த பங்கு. இரவில் நல்ல செய்தி. திறப்பு விலை 218 என்று வருகிறது. ‘மார்க்கெட்’ விலையில், அதாவது கிடைக்கும் விலைக்கே என்று, 100 பங்கு முன்னளித்தவருக்கு 218க்குக் கிடைக்கும். கையிலிருந்து 1,800 ரூபாய் கூடுதலாகப் போகும். 205க்கு மேல் வேண்டாம் என்று தானே வரம்பு வைத்தவருக்கு அங்கே கிடைக்காது. அவர் ஆணை 9.15க்கு வழக்கமான அமர்வுக்கு நகர்ந்து 205லேயே நிற்கும், விலை இறங்கி வராவிட்டால் 3.30க்குக் காலாவதியாகும். திறப்பு விலையே உருவாகாத, வணிகம் குறைந்த பங்கு என்றால் ‘மார்க்கெட்’ ஆணையும் முந்தைய நாளின் முடிவு விலையில் வரம்பு ஆணையாக மாறி நகரும். இரவில் கொடுக்கும் ஆணைக்கு வரம்பு விலை வைப்பதே நல்லது என்று உதவிப் பக்கத்தில் தயங்காமல் எழுதலாம்.

விலை குறித்த புள்ளியைத் தொட்டால் மட்டும் உயிர்பெறும் ஸ்டாப்-லாஸ் (நட்டத் தடுப்பு) ஆணையைத் திறப்புவிலை அமர்வு ஏற்காது. அது 9.15க்குப் பிறகே போகும். முன்னளித்தாலும் இதுதான் நிலை.

தெ.

—

‘திறப்புவிலை அமர்வு’ எனக்கும் நன்றாக விளங்குகிறது. அப்படியென்றால் ஜி.டி.டி. (‘குட் டில் டிரிகர்டு’) என்று ஒன்று உண்டே, ஒரு வருடம் வரை தரகரிடம் கிடப்பது. அதுவும் முன்னளிப்பு ஆகாதா?

நா.

—

ஆகாது, நா. ஜி.டி.டி.யில் தரகர் கையில் இருப்பது ஒரு நிபந்தனை. விலை குறித்த புள்ளியைத் தொட்டால் மட்டும் ஆணை பிறக்கும். தொடாவிட்டால் பிறக்கவே பிறக்காது. முன்னளிப்பு ஆணை நிபந்தனை இல்லாமல் அடுத்த வாய்ப்பிலேயே சந்தைக்குப் போய், அன்றோடு முடியும். ஜி.டி.டி.க்கு ‘விலைதொடு ஆணை’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். அதைத் தனி இழையில் பேசலாம்.

இடைமுகத்துக்கான தொடர்களைக் கீழே தருகிறேன். ‘ஏற்கப்பட்டது’ என்று ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட்டதுதான் பழைய வரைவின் பெரிய பிழை. யார் ஏற்றது என்பதே அதில் இல்லை.

இரவில்: ‘தரகரிடம் உள்ளது’
9 மணிக்கு: ‘சந்தைக்கு அனுப்பப்பட்டது’
சந்தை எண் கிடைத்ததும்: ‘சந்தையில் பதிந்தது’
திரும்பினால்: ‘சந்தை மறுத்தது’ அல்லது ‘தரகர் மறுத்தார்’, பின்னால் காரணம்

கடைசி இரண்டையும் பிரித்தே காட்ட வேண்டும். பணம் போதாமை, டி-பின் அனுமதி இன்மை தரகரின் கட்டத்திலேயே நிற்பவை; விலை வரம்பு மீறல் சந்தை வரை போய்த் திரும்பக்கூடியது. வாடிக்கையாளர் யாரிடம் கேட்க வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.

செ.வ.

—

தொடர்கள் நன்று. விலக்கும் பொத்தானுக்கும் இரண்டு தொடர்கள் வேண்டும். 9 மணிக்கு முன் ‘திரும்பப் பெறு’. தரகர் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறோம், எப்போதும் முடியும். சந்தையில் பதிந்த பிறகு ‘ரத்து செய்யக் கோரு’. அது கோரிக்கைதான், அதற்குள் ஆணை நிறைவேறியிருக்கலாம். திறப்புவிலை அமர்வில் ஆணை வாங்குவது அடைபட்டதிலிருந்து 9.15 வரை அந்தப் பொத்தான் மங்கலாக இருக்க வேண்டும், பக்கத்தில் ‘9.15க்குப் பின் முயலவும்’ என்ற குறிப்போடு. முன்னளிப்பை எத்தனை மணி வரை ஏற்பது என்பது தரகருக்குத் தரகர் மாறும். அந்த நேரத்தைத் தொடருக்குள் எழுதிவிடாமல், நிரப்பிக்கொள்ளும் இடமாக விடுங்கள்.

தெ.