பயிற்சியில ஒரு இடத்துல முட்டி நிக்குது, யோசனை சொல்லுங்க

மன்னார்குடி பக்கம் கிராம செவிலியர், அங்கன்வாடி ஊழியர்னு 24 பேருக்கு எச்.ஐ.வி. தடுப்புப் பயிற்சி கொடுக்கிறேன். மூணு வாரமாச்சு. பரவும் வழி, நம்பிக்கை மையம் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை பண்ற இடம்), 1097 உதவி எண், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து எல்லாம் தலைகீழா ஒப்பிக்கிறாங்க. ஆனா ஒவ்வொரு வகுப்புலயும் அதே கேள்வி: "ஊர்ல யாருக்கு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே சார் ஜாக்கிரதையா இருக்கலாம்?"

2017 எச்.ஐ.வி./எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தைப் படிச்சுக் காட்டினேன்: சம்மதமில்லாம ஒருத்தர் நிலையை வெளியில சொல்லக் கூடாது. தலையாட்டினாங்க. வீடியோ போட்டேன். நடிச்சுக் காட்டச் சொன்னேன், முந்தானையால வாயை மூடிச் சிரிப்புதான். தெருவே சொந்தக்காரங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியல.

குறுவை அறுப்புக்கு வெளியூர் மிஷின்காரங்க வந்து இறங்கறதுக்குள்ள இவங்களைக் களப்பணிக்கு அனுப்பணும்.

ரகசியம் காக்கிறதை மனசுல பதிய வைக்க உங்க பயிற்சியில எந்த முறை கைகொடுத்துச்சு?